ஃபில்டருக்கு எண்ணெய் வைத்த கதை

எங்கள் காருக்கு இப்போது பன்னிரண்டு வயது. முதல் ஒன்பது வருஷம் அதை ஓட்டியவர் என் கணவர். சர்க்கரை நோய் அவருடைய கண்ணைத் தவணை முறையில் எடுத்துக்கொண்டது. முதலில் இரவுப் பார்வை போயிற்று, அப்புறம் செய்தித்தாள் எழுத்து, அப்புறம் என் முகம். இப்போது ஜன்னல் எந்தப் பக்கம் என்று தெரியும், அவ்வளவுதான். தொழிற்சாலையில் டூல் ரூமில் இருபத்தெட்டு வருஷம் மயிரிழை வித்தியாசத்தை அளந்த மனுஷர், வேலையை விட்டுவிட்டு ஆஸ்டின் டவுன் வீட்டில் உட்கார்ந்தார். கார் சாவி என் கைக்கு வந்தது.

நான் கணக்கு டீச்சர். எனக்குக் கோபம் வரும். வராத நாளில் பிள்ளைகளே "உடம்பு சரியில்லையா மிஸ்?" என்று கேட்பார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழி முழுக்க மெட்ரோ வேலை. தோண்டுகிறார்கள், மூடுகிறார்கள், மறுபடி அதே இடத்தைத் தோண்டுகிறார்கள். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எல்லாரையும் திட்டிக்கொண்டே போய்ச் சேருவேன். எனக்காவது கண்ணாடி இருக்கிறது, எஞ்சின் அந்தப் புழுதியைத்தான் குடிக்கிறது என்று எனக்கு அப்போது தோன்றியதே இல்லை.

சர்வீஸுக்கு விட்டபோது ஏர் ஃபில்டரை மாற்றிவிட்டு, பழையதைக் காட்டினார்கள். காகித மடிப்பெல்லாம் கரி. இவர் அதை வீட்டுக்குக் கொண்டுவரச் சொன்னார். மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார்.

"கழுவித் திரும்பத் திரும்ப மாட்டற ஃபில்டர் ஒண்ணு வருது. அது வாங்கலாமா?"

"இதுவே நல்லாத்தானே இருக்கு? அழுக்கானா தூக்கிப் போட்டுட்டு வேற மாட்றாங்க."

"அதான் சொல்றேன். தூக்கிப் போடறதுல எனக்கு என்ன வேலை இருக்கு? அத கழுவணும், காய வைக்கணும், எண்ணெய் போடணும். அதுக்குக் கண்ணு வேணாம். நான் செய்வேன்."

வாழ்க்கையில் என்னிடம் அவர் எதையும் அப்படிக் கேட்டதில்லை. அடுத்த சனிக்கிழமையே ஜே.சி. ரோடுக்குக் கிளம்பினோம்.

அந்தத் தெருவில் கிடைக்காத வண்டிச் சாமானே கிடையாது. ஒரு கடையில் ஏறினோம். கடைக்காரர் வயதானவர், மூக்கு நுனியில் கண்ணாடி. இவர் கையில் இருந்த கம்பைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "மேடம், சார்க்கு எது வேணும்னு கேட்டுச் சொல்லுங்க" என்றார்.

"அவருக்குக் காது நல்லா கேக்குது. அவரையே கேளுங்க" என்றேன்.

எங்கள் கார் மாடலுக்கான மூன்று டப்பாக்கள் வந்தன. இவர் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். கட்டைவிரல் நகத்தால் மடிப்புகளின் மேல் ஓர் இழுப்பு இழுத்தார், ஹார்மோனியக் கட்டையில் விரல் ஓடுகிற மாதிரி. பிறகு சுற்றியிருந்த ரப்பர் விளிம்பை அழுத்திக்கொண்டே வந்தார். இரண்டாவதில் ஒரு மூலையில் விரல் நின்றது.

"இது வேணாங்க. இங்க ரப்பர் ஒரு நூல் தூக்கியிருக்கு. பெட்டியில ஒழுங்கா உக்காராது. இடுக்கு வழியா காத்து போச்சுன்னா ஃபில்டர் இருக்கறதும் ஒண்ணுதான், இல்லாததும் ஒண்ணுதான்."

கடைக்காரர் அதை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. இரும்பு ஸ்கேலை விளிம்பில் நிறுத்திப் பார்த்தார். ஸ்கேலுக்கும் ரப்பருக்கும் நடுவில் ஒரு கீற்று வெளிச்சம். "அய்யோ தேவரே!" என்று கன்னடத்தில் வாய்விட்டுச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அந்தக் கடையில் என்னிடம் ஒருத்தரும் பேசவில்லை.

மூன்றாவதைத் தேர்ந்தெடுத்து என் கையில் கொடுத்தார். "வெயிலுக்கு நேரா தூக்கிப் பாரு. வெளிச்சம் தெரியுதா?" பார்த்தேன். கம்பி வலைக்கு நடுவில் நாலு அடுக்குப் பருத்தித் துணி, ரத்தச் சிவப்பில் எண்ணெய் ஏறியது. பொடிப் பொடியாக வெளிச்சம் தெரிந்தது. "வெளிச்சம் போகும், காத்து போகும், தூசி போகாது. துணி தடுக்கறதில்ல, அந்த எண்ணெய்தான் பிடிச்சு வைக்குது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரியறதுக்கு ஆயிரக்கணக்குல லிட்டர் காத்து வேணும். அவ்வளவும் இது வழியாத்தான்." நடுத்தெருவில் அதைத் தூக்கிப் பிடித்தபடி நான் நின்றேன். குழந்தைக்குக் கட்டுகிற துணி மாதிரி இருக்கிறது, இதுவா ஒரு ஊரின் புழுதியை நிறுத்துகிறது! நம்பத்தான் முடியவில்லை.

வீட்டு வாசலில் அவரே மாட்டினார். பானெட்டுக்குள் கையைவிட்டுக் ஃபில்டர் இருக்கிற கறுப்புப் பெட்டியைத் தேடிப் பிடித்து, நாலு கிளிப்பையும் நெம்பி, காகித ஃபில்டரை எடுத்து, பெட்டியின் உள்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்து, புதியதை உட்காரவைத்துச் சுற்றிலும் அழுத்தினார். டக், டக், டக், டக். "ஸ்டார்ட் பண்ணு" என்றார். எஞ்சின் சத்தம் எனக்கு எப்போதும்போலத்தான் கேட்டது. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டுச் சிரித்தார். கண் போன பிறகு அந்தச் சிரிப்பை நான் பார்த்திருக்கவில்லை. உள்ளே போய்ச் சமையலறையில் நின்று அழுதேன்.

ஆயுத பூஜை வந்தது. அதற்கு முதல் நாள் எங்கள் தெருவில் வண்டி கழுவாத வீடே இருக்காது. இவர் ஃபில்டரைக் கழற்றிக் குளியலறைக்குக் கொண்டுபோனார். அதற்கான திரவத்தைத் தெளித்துப் பத்து நிமிஷம் ஊறவிட்டு, குழாயை மெல்லியதாகத் திறந்து, உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் விட்டார். எதிர்ப்பக்கமாக விட்டால் அழுக்கு துணிக்குள் இன்னும் ஆழமாகப் போய்விடுமாம். நான் டார்ச் பிடிக்கிற மாதிரி வெட்டியாக நின்றேன். முதலில் டிகாக்‌ஷன் நிறத்தில் வந்தது, பிறகு செம்மண் நிறத்தில், கடைசியில் தெளிவாக. ஆறு மாசம் நான் திட்டிக்கொண்டே கடந்த சாலையெல்லாம் குளியலறை ஓட்டையில் இறங்கிப் போயிற்று. தண்ணீர் தெளிந்துவிட்டதா என்று அவர் என்னைக் கேட்கவில்லை. விரலைத் தேய்த்துப் பார்த்து, நறநறப்பு போனதும் குழாயை மூடினார்.

"மாடியில வெயில்ல வைக்கட்டுமா?"

"வேணாம். துணி சுருங்கும். நிழல்ல தானா காயட்டும்."

மறுநாள் காலையில் காய்ந்துவிட்டது. செய்தித்தாள் விரித்து, சிவப்பு எண்ணெய் பாட்டிலை எடுத்து, ஒவ்வொரு மடிப்பின் மேலும் ஒரே ஒரு கோடு போட்டார். இடது கை விரல் முன்னே போய் வழி காட்ட, வலது கையில் பாட்டில் பின்னால் வந்தது. ஒரு மடிப்பு தப்பவில்லை. முடித்துவிட்டு, "இருபது நிமிஷம் இருக்கட்டும்" என்று சொல்லிக் குளிக்கப் போனார்.

நான் வந்து பார்த்தேன். சிவப்புக் கோடுகளுக்கு நடுவில் வெள்ளை வெள்ளையாக எத்தனையோ இடம் விட்டுப்போயிருந்தது. பாவம், தெரியாது அவருக்கு, என்று நினைத்தேன். பூஜைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. எண்ணெய் வைப்பது என்றால் எங்கள் வீட்டில் சொட்டச் சொட்டத்தான், தலையானாலும் சரி, தோசைக்கல்லானாலும் சரி. பாட்டிலை எடுத்து மூன்று நடை ஊற்றினேன். ஒரு இடம்கூட வெளுப்பு இல்லாமல் குங்குமமாக ஆயிற்று. விளிம்பைத் துடைத்து நானே காரில் உட்காரவைத்துவிட்டேன். அவர் வந்ததும், "நல்ல நேரம் போகுதுங்க, வெச்சுட்டேன், கிளிப்பை மட்டும் போடுங்க" என்றேன். போட்டார். சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, டயருக்கடியில் நாலு எலுமிச்சம்பழத்தை நசுக்கி, காரை நாலடி முன்னே நகர்த்தி நிறுத்தினேன்.

விஜயதசமியன்று அல்சூர் கோயிலுக்குக் கிளம்பினோம். கொஞ்ச தூரம் போனதும் கார் விக்கல் எடுத்த மாதிரி குலுங்கியது. எஞ்சின் விளக்கு எரிந்தது. பின்னால் ஹாரன் அடித்தவனைக் கண்ணாடியை இறக்கி நாலு வார்த்தை கேட்டேன். தட்டுத் தடுமாறி மர்பி டவுன் வரைக்கும் வந்தோம். ஒரு பாயின் மெக்கானிக் கடை திறந்திருந்தது.

அவர் பெட்டியைத் திறந்து ஃபில்டரைத் தூக்கினார். எண்ணெய் சொட்டியது. "அரே அல்லா! யாரு சார் இது? ஃபில்டருக்கு அபிஷேகம் பண்ணி வெச்சிருக்கீங்க! எண்ணெய் உள்ள போயி காத்த அளக்கற சென்சார் கம்பியில படிஞ்சுட்டுது. அதான் வண்டி திணறுது."

என் கணவர் மெதுவாகச் சொன்னார்: "நான்தான் போட்டேன்."

பாய் அப்போதுதான் அவர் கண்ணைக் கவனித்தார். குரல் தணிந்துவிட்டது. "பரவால்ல சார். இனிமே ஒரு தடவ மேடத்தப் பாக்கச் சொல்லுங்க."

உலகத்தையே திட்டித் தீர்க்கிறவள், 'நான்தான் ஊற்றினேன்' என்று சொல்ல வாய் வராமல் அங்கே நின்றேன். பாய் சென்சாரைச் சுத்தம் செய்து, தற்காலிகத்துக்கு ஒரு காகித ஃபில்டரை மாட்டிக் கொடுத்தார். கோயிலுக்குப் போகாமலே திரும்பினோம்.

இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினேன். அவர் பழைய இரும்புக்காரனிடம் ஃபில்டரைப் போட்டுவிடச் சொன்னார். நான் போடவில்லை. எட்டாம் நாள் காலை, இட்லி தட்டில் இருக்கிறது. இன்சுலின் ஊசிப் பேனாவில் அளவை அவர்தான் எப்போதும் திருப்பி வைத்துக்கொள்வார். டக் டக்கென்று கேட்கிற ஒலியை எண்ணி, பதினாலில் நிறுத்திக் குத்திக்கொள்வார். இத்தனை நாளில் ஒரு முறைகூடத் தப்பியதில்லை. அன்றைக்குப் பேனாவை என் பக்கம் நீட்டினார்.

"நீயே வெச்சுக் குடு. நான் தப்பா எண்ணிடுவேன்."

பேனாவை வாங்காமலே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வெள்ளையாக இருந்தது, நான்தான் மேலே ஊற்றினேன், பாய் கேட்டபோது வாய் வரவில்லை, நான் பாவி, என்று ஒரே மூச்சில்.

அவர் பேனாவைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு சொன்னார்:

"நான் கழுவி வைக்கற தம்ளர நீ மறுபடி கழுவுவே. நான் மடிச்ச துணிய உள்ள கொண்டுபோய்ப் பிரிச்சு மடிப்பே. சத்தம் எனக்குக் கேக்காதா? போகட்டும், அவளுக்கு அதுல ஒரு திருப்தின்னு விட்டேன். ஆனா இது அப்படி இல்லம்மா. என் விரல் என்கிட்டயே பொய் சொல்லுதுன்னு நெனச்சேன். எட்டு நாளா இந்த வீட்ல சுவர் எங்க இருக்குன்னுகூட எனக்குச் சந்தேகம்."

நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டேன். அவர் அதைப் பொருட்படுத்தாமல், "இன்னொண்ணு" என்றார். "கண்ணு நல்லா இருந்தப்ப எப்படித் திட்டுவே என்னை! ஈரத் துண்டுக்கு, செருப்புக்கு, லேட்டா வந்ததுக்கு. மூணு வருஷமாச்சு, ஒரு வார்த்தை இல்ல. ஊரையெல்லாம் திட்டறே. என்னை மட்டும் விட்டுட்டே. கண்ணு போன அன்னிக்கே நான் செத்துட்டேனா?"

பேனாவை அவர் பக்கமே தள்ளினேன். திருப்பினார். பதினாலு. நானும் மனதுக்குள் எண்ணினேன், பதினாலேதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எண்ணெயெல்லாம் போக மறுபடியும் கழுவி, காயவைத்து, திங்கட்கிழமை சாயங்காலம் செய்தித்தாள் விரித்தார். மடிப்புக்கு ஒரு கோடு. அதே வெள்ளைகள். நான் என் இரண்டு கையையும் தொடைக்கடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

"நிறைய விட்டுப்போயிருக்குங்க."

"இரு. பாத்துக்கிட்டே இரு."

பார்த்தேன். அந்தக் கோடு மெதுவாகக் கரை தாண்டியது. யாரும் தொடவில்லை, ஊதவில்லை. நூல் நூலாக எண்ணெய் தானே நடந்து போய் வெள்ளையைச் சிவப்பாக்கிக்கொண்டே வந்தது. அன்றைக்கு நான் பார்த்தது பிழையே இல்லை, பாதியில் இருந்த வேலை. இருபது நிமிஷம் பொறுக்காத கையால் இந்த மனுஷரை நான் எங்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டேன்! இத்தனை நிச்சயத்தோடு இருட்டுக்குள் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார், அவர் பக்கத்தில்தான் நான் இவ்வளவு நாளும் படுத்து எழுந்திருக்கிறேன் என்று பிரமிப்பாக இருந்தது.

கடைசியில் ஒரே ஒரு இடம் வெளுப்பாக நின்றது. "இடது பக்கத்துலேருந்து ஒன்பதாவது மடிப்பு, நடுவுல" என்றேன். நகத்தால் எண்ணிக்கொண்டு போய் ஒரு சொட்டு வைத்தார். சரியாக அங்கே. கொஞ்ச நேரம் கழித்துக் காரில் மாட்டி, நாலு கிளிப்பையும் போட்டு, பானெட்டை மூடினார். மூடிவிட்டு, வாசல் கொடியில் கஞ்சி போட்டுக் காய்ந்துகொண்டிருந்த என் வெள்ளைக் கைத்தறிப் புடவையை இழுத்துச் சாவகாசமாகக் கையைத் துடைத்தார்.

"அய்யய்யோ! என்னங்க பண்றீங்க! புதுப் புடவைங்க! எண்ணெய்க் கைய வெச்சுக்கிட்டு எதைப் பிடிக்கறோம்னு ஒரு நிதானம் வேணாமா? மொடமொடன்னு இருக்கே, கரித்துணி இப்படியா இருக்கும்? அடுப்படியில ஒரு மூட்டை பழந்துணி எதுக்கு வெச்சிருக்கேன், பொங்கல் வைக்கவா? இந்தக் கறை ஏழு ஜென்மத்துக்குப் போகுமா? உங்களுக்கென்ன, துவைக்கறவ நானில்ல!"

தெருவே கேட்டது. பக்கத்து வீட்டு அம்மா கதவைத் திறந்துகொண்டு வந்து, "என்ன டீச்சர், கண்ணு தெரியாதவர நடுத்தெருவுல நிக்க வெச்சு இப்படிப் பேசறீங்க, பாவம்!" என்றார்.

என் கணவர் சிவந்த கையை அந்த அம்மா குரல் வந்த பக்கம் உயர்த்தினார்.

"நீங்க உள்ள போங்கம்மா. அவ பேசட்டும்."