தலை கலையாத நோயாளி

என் அக்கா வீட்டுக்காரர் சலூன் வைத்திருக்கிறார். பொய் சொல்வது அவர் தொழிலில் பாதி. வழுக்கைத் தலையில் மிச்சமிருக்கும் நாலு முடியை அள்ளிப் பிடித்து, "உங்களுக்கு நெத்தி கொஞ்சம் அகலம், அவ்வளவுதான்" என்பார். காதோரம் வெளுத்துப்போனவரிடம், "நரையா? லைட்டு அப்படிக் காட்டுதுங்க" என்பார். உள்ளே ஆறு பேர் காத்திருந்தாலும், வாசலில் எட்டிப் பார்ப்பவரிடம் "ரெண்டே நிமிஷம்" என்பார். தெருவில் அவருக்கு 'ரெண்டு நிமிஷம்' என்றே பெயர் விழுந்துவிட்டது. கோபித்துக்கொண்டு போனவர்களும் அடுத்த மாதம் தலையை வளர்த்துக்கொண்டு அவரிடமேதான் வந்தார்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும்.

எனக்கும் வாய் உண்டு. ஆனால் அது வேறு மாதிரி வாய். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். நகல் எடுப்பதோடு, எழுதத் தெரியாதவர்களுக்கும் எழுதப் பயப்படுகிறவர்களுக்கும் விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பேன். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாமல் மழுப்புகிறவர்களைக் கண்டால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதனால் மாமா என்னை 'வக்கீலம்மா' என்பார். பதிலுக்கு நான் அவரை என்னவெல்லாம் சொல்வேன் என்பதை இங்கே எழுத முடியாது. அக்கா புருஷனிடம் கொழுந்தியாளுக்கு அந்த உரிமை இருக்கிறது.

நாலு வருடத்துக்கு முன்னால் அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால் இரண்டும் போயின. பேச்சும் போய், பிறகு பத்துப் பன்னிரண்டு சொற்கள் மட்டும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. புத்தியில் ஒரு குறையும் இல்லை. நான் வாய் தவறி ஒரு தேதியை மாற்றிச் சொன்னாலும் இடது கையால் நாற்காலியைத் தட்டுவாள்.

அது சலூன் நாற்காலி. மாமாவின் கடையில் இரண்டு இருந்தன. அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே ஒன்றைக் கழற்றி, நாலு ஆட்களை வைத்துத் தூக்கி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். எனக்கு அப்போது இவருக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயமாக இருந்தது. பிறகுதான் புரிந்தது. காலால் மிதித்தால் அது உயரும். கட்டில் உயரத்துக்கு ஏற்றி வைத்து அக்காவைப் பக்கவாட்டில் நகர்த்தி உட்கார வைத்துவிடுவார். சாய்த்தால் தலைக்குக் குளிப்பாட்டலாம். நிமிர்த்தினால் புரையேறாமல் ஊட்டலாம். வீட்டுக்கு வந்து பார்த்த நர்ஸ், "இந்த மாதிரி நாற்காலி எங்க வார்டுலயே கிடையாதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவளைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், பகலானாலும் இரவானாலும். இந்த நாலு வருடத்தில் என் அக்கா உடம்பில் கடுகளவு படுக்கைப் புண் வந்ததில்லை. மாமாவை எத்தனையோ திட்டியிருக்கிறேன். ஆனால் அவரைப்போல ஒரு மனிதரை நான் பார்த்ததில்லை. இதை அவர் முகத்துக்கு நேரே சொன்னதில்லை, சொன்னால் தலைக்கேறிவிடும்.

காலை ஏழு முதல் பத்து வரை நான் அக்காவோடு இருப்பேன். மாமா அந்த மூன்று மணி நேரம் கடை திறப்பார். பத்து மணிக்கு அவர் வந்ததும் நான் போய் என் கடையைத் திறப்பேன். மூன்று மணி நேரத்தில் எத்தனை தலை வெட்ட முடியும்? கையிருப்பு கரைந்து கடைசியில் ஒன்றும் இல்லாமல் போனது. ஊர்க்கோடியில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்று இருக்கிறது. அங்கே ஒரு கட்டில் காலியாகிறது, வேண்டுமானால் இரண்டு மாதத்துக்குள் சொல்லுங்கள் என்றார்கள். அக்காவை அங்கே விட்டால் மாமா நாள் முழுவதும் கடை திறக்கலாம். விடாமல் இருக்க ஒரே வழிதான் இருந்தது. முழுநேரமும் ஒருவர் துணை வேண்டிய நோயாளியை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் ஓர் உதவித்தொகை தருகிறது. அது கிடைக்க வேண்டும்.

விண்ணப்பத்தை அக்கா பக்கத்தில் உட்கார்ந்துதான் நிரப்பினேன். தானாக உண்ண முடியுமா? தானாகக் கழிப்பறைக்குச் செல்ல முடியுமா? படுக்கையில் தானாகத் திரும்ப முடியுமா? நான் 'முடியாது, முடியாது' என்று எழுதிக்கொண்டே போனேன். மாமா என் தோளுக்குப் பின்னால் நின்று தவித்தார்.

"முடியாதுன்னு பச்சையா எழுதாதம்மா. கொஞ்சம் சிரமம்னு போடு."

"மாமா, இது உங்க கடைக்கு வர்ற வழுக்கத்தலை இல்ல. அரசாங்கம். அழுத பிள்ளைக்குத்தான் பால்."

"மெதுவாப் பேசு. அவ காதுல விழுது பாரு" என்றார்.

அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் 'முடியாது' என்றே எழுதி முடித்தேன்.

மூன்று வாரம் கழித்து, நேரில் பார்த்து அறிக்கை எழுத அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி அம்மா காலை பதினோரு மணிக்கு வருவதாகத் தகவல் வந்தது. அன்று மாமா கடை திறக்காமல் வீட்டிலேயே இருந்ததால் நான் காலையில் போகவில்லை, பதினோரு மணிக்கும் என் கடையை விட்டு வர முடியவில்லை. வந்திருந்தால் வாசலிலேயே மாமாவைப் பிடித்திருப்பேன். வீட்டுக்குப் பெரிய மனுஷி வருகிறார் என்று அவர் நாலு மணிக்கே எழுந்திருக்கிறார். அக்காவின் தலைக்குச் சாயம் போட்டிருக்கிறார். நகம் வெட்டி, முகத்துக்குக் கிரீம் தடவி, அலமாரியில் இருந்ததிலேயே நல்ல உடுப்பை எடுத்து இஸ்திரி போட்டு உடுத்திவிட்டு, சாயாமல் இருக்க இரண்டு பக்கமும் தலையணையைச் செருகி, அதன் மேல் ஒரு சால்வையையும் போட்டு மூடியிருக்கிறார். அதிகாரி உள்ளே வந்தபோது என் அக்கா கல்யாண வீட்டுக்குப் புறப்பட்டவள் மாதிரி நாற்காலியில் வீற்றிருந்திருக்கிறாள்.

"எப்படி இருக்கீங்கம்மா?" என்று அந்த அம்மா கேட்டிருக்கிறார்.

அக்காவுக்குத் திரும்பி வந்த பத்துச் சொற்களில் பிசிறில்லாமல் வருவது ஒன்றுதான். அதைத்தான் சொல்லியிருக்கிறாள்: "பரவாயில்ல."

"உங்களுக்குத்தான் பார்த்துக்கறது ரொம்பக் கஷ்டமா இருக்கும்?" என்று மாமாவிடம் திரும்பியிருக்கிறார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க. அவளால எனக்கு ஒரு தொந்தரவும் இல்ல."

நுணலும் தன் வாயால் கெடும். பத்து நாளில் கடிதம் வந்தது. 'நோயாளி சுத்தமாகவும் நேர்த்தியாகவும் இருக்கிறார். உடல்நிலை பரவாயில்லை என அவரே தெரிவித்தார். பராமரிப்பதில் சிரமம் இல்லை எனக் கணவரும் தெரிவித்தார். முழுநேரத் துணை தேவைப்படுவதாகத் தெரியவில்லை.' அந்த அம்மாவைக் குறை சொல்ல முடியாது. கண்டதையும் கேட்டதையும்தான் எழுதியிருந்தார்.

நான் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே அக்கா வீட்டுக்குப் போனேன்.

"நல்லா இருக்கு மாமா! பொண்ணு பார்க்க வந்தாங்கன்னு நினைச்சீங்களா? இன்னொரு தரம் வந்து பார்க்கச் சொல்லி மேல்முறையீடு எழுதித் தரேன். அன்னிக்கு நீங்க சீப்பைத் தொடக் கூடாது. தலை வாராதீங்க. துணி மாத்தாதீங்க. அப்படியே விடுங்க."

"மாட்டேன்."

"என்ன மாட்டேன்?"

"நாலு வருஷத்துல ஒரு நாள் அவ தலை கலைஞ்சு உக்காந்தது இல்ல. ஒருத்தர் பரிதாபப்படணும்னு அவளை அழுக்குத் துணியில உக்கார வைக்கணுமா? அப்படி வர்ற காசு எனக்கு வேண்டாம்."

"வேண்டாம்னா பெட்டியைக் கட்டுங்க. அவளைக் கொண்டுபோய் இல்லத்துல விட்டுட்டு, ஊர்ல இருக்கிற தலையெல்லாம் வாருங்க."

சொல்லியிருக்கக் கூடாது. சொன்ன உடனே தெரிந்தது. மாமா நாற்காலியின் கைப்பிடியை அழுக்கே இல்லாத இடத்தில் துடைத்துக்கொண்டு நின்றார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அப்போது அக்கா கைப்பிடியைத் தட்டினாள். நாங்கள் இருவரும் திரும்பினோம். இடது கையால் கட்டிலைக் காட்டினாள். பிறகு நாற்காலியை, பிறகு மேசை மேலிருந்த சீப்பை. அப்புறம் சுவர்க் கடிகாரத்தைக் காட்டி ஐந்து விரலையும் விரித்தாள்.

"காட்டு" என்றாள்.

மாமாவுக்கு என்னைவிட முன்னால் புரிந்துவிட்டது. காலை ஐந்து மணிக்கு அவளை எழுப்பிச் சுத்தம் செய்வதிலிருந்து தலை வாரி முடிப்பது வரை அந்த அதிகாரி பார்க்கட்டும் என்கிறாள்.

"வேத்து மனுஷி முன்னாடியா? வேண்டாம்மா. உன்னை அப்படி யாரும் பார்க்கக் கூடாது."

"பாக்கட்டும்" என்றாள் அக்கா.

ஐந்து மணிக்கு வாருங்கள் என்று ஓர் அரசு அலுவலகத்துக்கு எழுதியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கொண்டுபோய்க் கொடுத்தபோது அங்கே இரண்டு பேர் சிரித்தார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை. அடுத்த வாரம் ஐந்தே காலுக்கு, கொட்டாவியை அடக்கிக்கொண்டு, வாசலில் செருப்பைக் கழற்றினார்.

அன்று நானும் இருந்தேன். மாமா முதலில் தடுமாறினார். போர்வையை விலக்கக் கை வரவில்லை. அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டு, செய் என்பது போலத் தலையை ஆட்டினாள். அதற்குப் பிறகுதான் அவர் வேலையைத் தொடங்கினார். நனைந்த விரிப்பை உருவினார். அவளை ஒரு பக்கமாகத் திருப்பி, தன் முழங்காலால் அணை கொடுத்துக்கொண்டு, வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்தார், காயவைத்தார், மறுபக்கம் திருப்பினார். நாற்காலியை மிதித்து ஏற்றி அவளை நகர்த்தியபோது அவர் கழுத்து நரம்பு புடைத்தது. பல் துலக்கிவிட்டார். மசித்த சாப்பாட்டை ஒரு சின்னக் கிண்ணத்தில் வைத்துக்கொண்டு ஊட்டினார். ஒவ்வொரு கரண்டிக்கும் தாடையைத் தொட்டு, விழுங்கிவிட்டாளா என்று தொண்டையைப் பார்த்தார். நடுவில் புரையேறியது. அவள் முகம் நீலமாகப் போவதைக் கண்டு அதிகாரி எழுந்துவிட்டார். மாமா அவளை முன்னால் சாய்த்து முதுகில் தட்டினார். மூச்சு வந்தது. வாயைத் துடைத்துவிட்டு அடுத்த கரண்டியை எடுத்தார். அந்தச் சின்னக் கிண்ணம் காலியாக முக்கால் மணி நேரம் ஆயிற்று.

கடைசியாகச் சீப்பை எடுத்தார். ஏழு மணி ஆகியிருந்தது. அதிகாரி அதுவரை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இப்போது பேனாவைத் திறந்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேட்கணும். இவங்களைத் தனியா எவ்வளவு நேரம் விடலாம்?"

ரெண்டு நிமிஷம் அது இதென்று எதையாவது சொல்லி இந்த மனிதர் காரியத்தைக் கெடுத்துவிடுவார் என்று நினைத்தேன். சீப்பு பாதி வகிட்டில் நின்றது.

"முடியாதுங்க" என்றார் மாமா. "விடவே முடியாது. அவளால ஒண்ணுமே முடியாதுங்க."

சொல்லிவிட்டு, தப்புச் செய்தவர் போல அக்காவைப் பார்த்தார். அவள் கண்ணைத் திறந்திருந்தாள். எழுதிக்கொள்ளட்டும் என்பது போல அதிகாரியின் நோட்டை நோக்கி முகத்தை அசைத்தாள். நான் சமையலறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

இல்லத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய நாளுக்கு ஆறு நாள் முன்னால் உத்தரவு வந்தது. உதவித்தொகை உண்டு. மாமா அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, நசுங்காமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, பக்கத்து வீட்டு அம்மாவை அக்காவுக்குத் துணையாக உட்கார வைத்துவிட்டு, நான் கடை திறந்ததும் என்னிடம் நகல் எடுக்க வந்தார். "பத்து காப்பி போடு வக்கீலம்மா" என்றார். எதற்குப் பத்து என்று கேட்டால் சிரித்தார். நான் இரண்டு எடுத்தேன்.

பிறகு என் மேசை இழுப்பறையைத் திறந்து இன்னொரு தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். முதல் கடிதம் வந்த மறுநாள் காலை, அவர் கடைக்குப் போயிருந்த நேரத்தில், அக்கா என்னை வற்புறுத்தி எழுத வைத்தது. இல்லத்தில் சேர விண்ணப்பம். கீழே அவள் இடது கைக் கிறுக்கலில் கையெழுத்து. உத்தரவு வராவிட்டால் கொண்டுபோய்க் கொடு, அதுவரை அவரிடம் காட்டாதே என்று சைகையிலேயே சத்தியம் வாங்கியிருந்தாள்.

மாமா படித்தார். சேர விரும்பும் காரணம் என்ற இடத்தில் அவள் சொன்னதைச் சொன்னபடி நான் எழுதியிருந்தேன். அதற்காக அவளிடமிருந்த சொற்களில் இரண்டைச் செலவழித்திருந்தாள்.

'அவர் தூங்கணும்.'

அவர் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நகல்களை மேசையிலேயே மறந்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

மத்தியானம் அந்த நகல்களைக் கொடுக்கப் போனேன். கதவு ஒருக்களித்திருந்தது. அக்கா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கீழே வெறுந்தரையில், அவள் காலடியில், மாமா வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பட்டப்பகலில் அவர் தூங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. வழக்கம்போல வாசலிலிருந்தே குரல் கொடுக்க வாயெடுத்தேன். அக்கா இடது கையைத் தூக்கி, ஒரு விரலை உதட்டின் மேல் வைத்தாள்.

நகல்களை வாசற்படியில் வைத்து, பறக்காமல் இருக்க அவர் செருப்பை மேலே வைத்துவிட்டுத் திரும்பினேன்.