நாற்பது நகல்

தாராவியின் கட்சி வார்டு தலைவர் ஒருவர் என்னைத் தேடி மாட்டுங்காவில் என் வீட்டுக்கே வந்துவிட்டார். முப்பது வருஷம் இலாகா விசாரணைகளை நடத்தியே காலம் தள்ளியவன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

அவருடைய மின்னஞ்சல் ஒன்று பத்திரிகைக்குப் போயிருந்தது. குடிசைகளை இடித்துக் கட்டுவதற்கான கணக்கெடுப்பில், ஏணி வைத்து ஏறும் மாடி அறைக்காரர்களைச் சேர்க்க வேண்டாம் என்று அதிகாரிக்கு எழுதியது. சேர்க்காவிட்டால் அவர்களுக்குப் புது வீடு கிடையாது.

"யாரு லீக் பண்ணாங்கன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க சார்."

"அதுல எழுதியிருந்தது?"

"அது வேற மேட்டரு சார்."

போலீசுக்குப் போவதா, உள்ளேயே விசாரிப்பதா என்று கட்சியில் இரண்டு அணிகள். மாடி அறை பற்றி இரண்டு அணியிலும் பேச்சில்லை. குற்றவாளி மட்டும் முடிவாகியிருந்தாள்: அலுவலகத்தில் தட்டச்சு செய்யும் பெண். அவள் குடும்பம் மாடி அறையில் இருந்தது. வேலைநீக்கக் கடிதம் தயார். என் அறிக்கையின் தேதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள்.

"நீ அனுப்பினியாம்மா?"

"அனுப்பினேன் சார். அதிகாரிக்கு ஒண்ணு. காப்பி நாப்பது பேருக்கு."

'ரகசியம்' என்று தலைப்பிட்ட கடிதம். கட்சியில் நகல் பட்டியலில் பெயர் விட்டுப்போவது, கல்யாணப் பத்திரிகையில் விட்டுப்போவது போல. மாஹிம்காரர் ஒருவர் அதற்காக மூன்று மாதம் கூட்டத்துக்கே வரவில்லையாம். அதனால் ரகசியமும் எல்லோருக்கும் போனது.

"பேப்பருக்கு?"

"நான் இல்ல சார். எனக்குத் தோணல. தோணியிருந்தா குடுத்திருப்பேன். அதையும் எழுதிக்கோங்க."

அதை எழுதவில்லை. நாற்பது பேரையும், அந்த அதிகாரியையும் விசாரித்தாலொழிய விசாரணை செல்லாது; ஆளுக்குப் பதினைந்து நாள் அவகாசம் தர வேண்டும் என்று அறிக்கையை வாய்விட்டுச் சொன்னேன். வேறு தட்டச்சர் இல்லாததால் அவளே அடித்தாள். கடைசி வரியில் கை நின்றது.

"மாடி ரூம் பத்தி ஒரு வரி போடலாமா சார்?"

"விசாரணை வரம்புக்குள்ள வராதும்மா."

எத்தனையோ பேரிடம் சொன்ன வாக்கியம். நாக்கு தானாகவே சொல்லிவிட்டது. அவள் அச்சிட எழுந்தாள்.

தலைவர் இரண்டு முறை படித்தார். "நாப்பது பேரையும் கூப்ட்டா கட்சியில யாரு சார் இருப்பா?" விசாரணை கைவிடப்பட்டது; வேலைநீக்கக் கடிதமும்.

கணக்கெடுப்புக்கு வந்தவர்கள் ஏணி ஏறவில்லை. நான் காப்பாற்றிக் கொடுத்த வேலைக்கு அவள் இப்போது, மாடி அறை இடிபட்டதும் போய்ச் சேர்ந்த மான்குர்த்திலிருந்து, குர்லாவில் ரயில் மாறி வருகிறாள்.