தொழிற்சாலை ஸ்டேசனுக்கு எங்கள் வளவால் ஒரு வழி

இந்த நினைவு மலருக்கு அப்பாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால், எங்கள் வீட்டு வளவுக்குப் பின்னால் இருக்கும் சிறிய ரயில் நிலையத்தைப் பற்றித்தான் முதலில் எழுத வருகிறது. உறவுகள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அப்பா அச்சுவேலியில் தோட்டக்காரக் குடும்பத்தில் பிறந்தவர். காங்கேசன்துறைப் பக்கம் சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை செய்தார். அம்மாவைக் கைப்பிடித்து இந்த வீட்டுக்கு வந்தார். நிலையம் தொழிற்சாலைக்கென்றே கட்டியது. ஒழுங்கான பாதை வெகுதூரம் சுற்றிப் போகும். அதனால் வேலையாட்கள் எங்கள் வளவுக்குள்ளால் வந்து, பின்வேலியில் ஆள் குனிந்து நுழையுமளவு இருந்த பொட்டு என்கிற ஓட்டைக்குள்ளால் மேடைக்குப் போய்க் கோச்சி ஏறுவார்கள்.

புதுமாப்பிள்ளைக்கு இது பிடிக்கவில்லை. முதல் வருடம் ஓலையால் வேலி அடைத்தபோது பொட்டையும் சேர்த்து அடைத்துவிட்டார். அன்று பின்னேரம், அப்பாவோடு வேலை செய்த கொக்குவில் மாமா ஓடி வந்து வேலியில் முட்டிக்கொண்டு நிற்க, கோச்சி போய்விட்டது. அவருக்குக் காலையில்தான் தலைப்பிள்ளை பிறந்திருந்தது. அப்பா வெட்கப்பட்டு, அவரைச் சைக்கிளில் ஏற்றிக் கொக்குவில் வரை மிதித்தார். மறுநாள் தன் கையாலேயே ஓலையை வெட்டினார். அதன்பின் வருடந்தோறும் வேலிகட்ட வருபவர்களிடம் ஒரே பேச்சுத்தான்: "எப்பிடியும் கட்டுங்கோ, பொட்டை மட்டும் அடைச்சுப் போடாதேங்கோ."

யுத்தகால இடப்பெயர்வோடு எல்லாம் போயிற்று. பல வருடங்களின் பின் திரும்பி வந்தோம். கோச்சியும் வந்தது. இப்போது நாளுக்கு ஒன்றிரண்டு நிற்கும், இறங்குவார் இல்லை. நான் வளவைச் சுற்றி மதில் கட்டினேன்.

"பிள்ளை, ஒரு ஆள் போற அளவுக்கு வழி விடன்."

"ஆர் அப்பா இப்ப உந்த ஸ்ரேசனிலை இறங்கப் போகினம்?"

 கடைசி மாதங்களில் அப்பா பின்மதிலடியில் கதிரை போட்டு இருப்பார். கோச்சி நிற்கும் சத்தம் கேட்டால் நிமிர்ந்து பார்ப்பார். எனக்கு அது எரிச்சலாகக்கூட இருந்தது.

செத்தவீட்டன்று கொக்குவில் மாமாவும் பழைய வேலையாட்கள் மூவரும் அதே கோச்சியில் வந்து இறங்கினார்கள். பொல்லூன்றிக்கொண்டு ஊரைச் சுற்றி முன்வாசல் படலைக்கு வந்து சேர, அப்பாவைச் சுடலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பெண்கள் நாங்கள்தான் நின்றோம்.

"பொட்டைத் தேடிக்கொண்டு நிண்டிட்டம் பிள்ளை," என்றார் மாமா. "முகத்தைப் பாக்கேலாமல் போச்சே."

நான் வாய்விட்டு அழுதேன். அப்பாவிடம் இனி மன்னிப்புக் கேட்க முடியாது.

செய்தி கேட்டு ஓடி வந்தவர்களுக்கும், பந்தல் போட்டுச் சமைத்துத் தந்த அயலவர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. அந்த நால்வரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். பின்மதிலை இடித்து, ஆள் குனியாமல் போகுமளவு வழி விட்டிருக்கிறோம். படலை போடவில்லை. ஆண்டுத் திவசத்துக்குக் கோச்சியில் வருபவர்கள் சுற்ற வேண்டாம், நேரே வாருங்கள். அப்பாவின் கதிரை அந்த வழியோரம்தான் இருக்கிறது.