வளைவில் சிரிக்கும் அணில்

செண்பகத்தோப்பில், மலையணில் சரணாலயத்தை ஒட்டி ஒரு ரிசார்ட் வாசலில் வளைவு கட்டினார்கள். அதில் சாம்பல் நிற மலையணிலைப் பெரிதாக வரைய, ராஜபாளையத்திலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள்.

வளைவை மறைக்கிறதென்று, பாதையின் இருபுறப் புளியமரங்களும் மேலே கோத்திருந்த கிளைகளை நான் வரையப் போன அன்று காலைதான் வெட்டியிருந்தார்கள். மலையணிலோ கிளைவழியே மரத்துக்கு மரம் போகிற பிராணி. தரைக்கு இறங்கினால் நாய் விடாது.

மத்தியானம் நான் வாலுக்குச் சாம்பல் பூசிக்கொண்டிருந்தபோது நிஜ அணிலே வந்தது. வெட்டிய கிளையின் நுனியில் திகைத்து நின்றது. திரும்பிப் போய், மறுபடி வந்தது. கடைசியில் வளைவின் மேல் தாவி அந்தப் பக்கம் போகப் பார்த்தது.

கீழே நின்ற ரிசார்ட் முதலாளி கத்தினார்: "ஏலே, அத வெரட்டுங்கலே! பெயிண்ட் இன்னும் காயல!"

கல் பறந்தது. அணில் வந்த மரத்துக்கே ஓடிவிட்டது.

பிரஷ்ஷை டப்பாவில் போட்டுவிட்டு இறங்கினேன்.

"என்ன அண்ணாச்சி, அணிலுக்குக் கண்ணு வைக்கலையே?" என்றார் முதலாளி.

"கண்ணு ஒமக்குத்தான் மொதல்ல வேணும் மொதலாளி. நான் போறேன்."

போன வாரம் அந்தப் பக்கம் போனேன். வேறு யாரையோ வைத்துக் கண் வரைந்து, வாயில் ஒரு சிரிப்பும் வைத்திருக்கிறார்கள். வழியை வெட்டியவன் வாசலில் அணில் சிரிக்கிறதாம்!

அந்த வாலை வரைந்தது என் கை. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.