மூன்று நிமிட உரையில் ஒரு பெயர்

எனக்கு வாய் நீளம். கோபம் அதைவிட நீளம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் சொன்னால் சாக்குப்போக்கு மாதிரி ஆகிவிடும்.

வடசென்னையில் ஒரு எம்.எல்.ஏ. அலுவலகத்தில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். எந்தத் தொகுதி, எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். மனு வாங்குவது, கடிதம் அடிப்பது, முத்திரை வைப்பது எல்லாம் நான்தான். சட்டமன்றத்தில் அவர் எழுந்து நின்று படிக்கிற உரையை எழுதித் தருவதும் நான்தான். ராயபுரத்திலிருந்து பஸ் பிடித்து காலை ஒன்பது மணிக்கு வந்து கதவைத் திறந்தால், வாசலில் குறைந்தது பத்துப் பேராவது நிற்பார்கள்.

ரோடு, குடிநீர், பட்டா என்றால் சட்டமன்றத்தில் அடிதடி நடக்கும். வெளிநாட்டு விவகாரம் என்றால் அங்கே எல்லோரும் நல்லவர்கள். அந்த அதிகாரம் மத்திய அரசிடம் இருக்கிறது, மாநிலச் சட்டமன்றம் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று: ‘மத்திய அரசை வலியுறுத்துகிறோம்’ என்று ஒரு தீர்மானம். முந்தின நாளே கொறடாவிடமிருந்து போனில் செய்தி வந்துவிடும்: அனைவரும் அவையில் இருக்க வேண்டும், ஆதரிக்க வேண்டும். எதிர்க்கட்சியும் ஆதரிக்கும். எதிர்த்தால் என்ன கிடைக்கப்போகிறது? பேரவைத் தலைவர் ஏற்கிறவர்கள் ‘ஆம்’ சொல்லுங்கள் என்பார், எல்லோரும் ‘ஆம்’ என்பார்கள், மேசையைத் தட்டுவார்கள். ஒருமனதாக நிறைவேறியது என்று மறுநாள் பேப்பரில் வரும். எங்கள் எம்.எல்.ஏ. ஒருமுறை என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்: “வெளிநாட்டு மேட்டர்னா நமக்கு இன்னாம்மா பேஜாரு? ஆமுன்னு சொல்லிட்டு கேன்டீன்ல போண்டா சாப்ட்டு வரவேண்டியதுதான்.” நானும் சிரித்தேன். அவர் கெட்டவர் இல்லை. அவர் சொன்னது பொய்யும் இல்லை.

இந்தச் சிரிப்பெல்லாம் இருந்த காலத்தில்தான் அவள் வந்தாள். காத்திவாக்கம் பக்கத்துக் குப்பம். முகத்துவாரத்தில் அனல்மின் நிலையச் சாம்பலும் கசிந்த எண்ணெயும் சேர்ந்து இறால் கிடைக்காமல் போனதும், அவள் புருஷன் இன்னும் நான்கு பேரோடு வளைகுடா நாடு ஒன்றுக்குப் படகு வேலைக்குப் போயிருந்தான். ஐந்து பேரும் ஒரே படகு. ஒருநாள் எல்லை தாண்டி அடுத்த நாட்டுக் கடலுக்குள் போய்விட்டார்கள் என்று அந்த நாட்டுக்காரர்கள் படகோடு பிடித்துக்கொண்டார்கள். ஐந்து பேரும் ஜெயிலில். சில மாதம் கழித்து இவள் புருஷனை மட்டும், காய்ச்சலோ என்னவோ, வேறு ஒரு ஜெயிலுக்கு மாற்றிவிட்டார்கள்.

மற்ற நாலு வீட்டுக்காரர்களும் எப்போதாவது வருவார்கள். இவள் வாரம் தவறமாட்டாள். இறால் உரிக்கிற வேலையை முடித்துவிட்டு, கையில் அந்த வாடையோடு, பிளாஸ்டிக் கவரில் பாஸ்போர்ட் நகலை வைத்துக்கொண்டு வந்து நிற்பாள். “யக்கா, எதாச்சும் தகவல் கீதா?” என்பாள். நான் இன்னொரு கடிதம் அடிப்பேன். தூதரகத்துக்கு, தில்லிக்கு, கலெக்டருக்கு.

மீனவர்கள் விடுதலைக்காகச் சட்டமன்றத்தில் தீர்மானம் வரப்போகிறது என்று தெரிந்ததும் அவளிடம் நானே சொன்னேன். யாரும் கேட்காமல் நானே சொன்னேன். “உன் வீட்டுக்காரர் பேரை எம்.எல்.ஏ. சபையில படிப்பாரு. படிச்சா அவைக் குறிப்புல ஏறிடும். அதுக்கப்புறம் எந்த ஆபீசும் ‘யாரு இவரு?’ன்னு கேக்க முடியாது.” அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். குப்பம் முழுக்கச் சொல்லிவிட்டாள். எனக்கும் பெருமையாக இருந்தது, மறைப்பானேன்.

தீர்மானத்துக்கு முந்தின நாள் காலை அவள் வந்தாள். நல்ல கூட்டம். ஜெயிலிலிருந்து முதல்நாள் போன் வந்ததாம், புருஷன் பேசக்கூட முடியாமல் இருமினானாம். ராத்திரி முழுக்கத் தூங்கியிருக்க மாட்டாள் போலிருக்கிறது, கண் ரெண்டும் சிவந்திருந்தது. இதையெல்லாம் இப்போது எழுதுகிறேன். அன்றைக்கு இதில் எதுவும் என் மனசில் ஏறவில்லை. “வரிசையில வாம்மா, உனக்கு மட்டும் தனி ஆபீசா?” என்று கேட்டேன்.

அவ்வளவுதான். பிடித்துக்கொண்டாள். “இதோட பதினோரு லெட்டரு குட்த்துட்ட. இன்னா கிழிஞ்சிது? ஃபேன் காத்துல குந்திக்கினு சீலு குத்திக்கினு கீற. ஒனக்கு இன்னா தெரியும் என் கஷ்டம்? புருசன்னு ஒருத்தன் இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும்!”

எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. கல்யாணம் ஆகவில்லை. அப்பாவுக்குப் பக்கவாதம், தம்பி படிப்பு என்று அது அப்படியே போய்விட்டது. தெருவில், கோயிலில், சொந்தக்காரர் கல்யாணத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகக் கேட்டிருக்கிறார்கள். ஆனால் என் ஆபீசில், என் மேசைக்கு முன்னால், மனு கொடுக்க வந்த அத்தனை பேர் நடுவில் யாரும் சொன்னதில்லை. வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். உடம்பெல்லாம் எரிந்தது. “வெளிய போ” என்றேன். போனாள்.

அன்று சாயங்காலம் எம்.எல்.ஏ. போன் செய்தார். “மூணே நிமிசம்தானாம்மா. நீ எழுதினது நீளமா கீது. எதையாச்சும் எடுத்துட்டு அனுப்பு.” எதை என்று அவர் சொல்லவில்லை. அவருக்கு அது தெரியவும் தெரியாது.

உரையை மறுபடி பார்த்தேன். முதல் ஒரு நிமிடம் கட்சித் தலைவரைப் பற்றிய புகழுரை. கடைசி அரை நிமிடமும் அதேதான். நடுவில் ஐந்து பெயர்கள்; ஒவ்வொன்றுக்கும் தகப்பனார் பெயர், ஊர், எந்த ஜெயில், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு வரி. புகழுரையில் ரெண்டு அடைமொழியை வெட்டியிருந்தால் போதும். ஆனால் புகழுரையில் கைவைக்க எங்கள் ஆபீசில் யாருக்கும் தைரியம் கிடையாது. சரி, பெயரில் ஒன்றை எடுக்கலாம். எந்தப் பெயரை? இவள் புருஷன் வேறு ஜெயிலில் இருக்கிறான், அவன் கேஸ் கொஞ்சம் வேறு மாதிரி, தனியாக எழுதிக்கொள்ளலாம் என்று ஒரு காரணம் உடனே வந்து நின்றது. நல்ல காரணம். யார் கேட்டாலும் சொல்லலாம். அந்த வரியை அழித்தேன். அழித்தபோது மனசுக்கு இதமாக இருந்தது. ஆமாம், இதமாகத்தான் இருந்தது. அதை எழுதாமல் விட்டால் இதை எழுதுவதில் அர்த்தமே இல்லை.

எப்படியும் சும்மா ஒரு தீர்மானம்தானே, எல்லோரும் ஆம் சொல்லிவிட்டுப் போண்டா சாப்பிடப் போகிறவர்கள்தானே, ஒரு பெயர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்றும் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் ஆபீஸ் டிவியில் பார்த்தேன். எம்.எல்.ஏ. நன்றாகவே படித்தார். நான்கு பெயரையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். நேரம் மிச்சமிருந்தது போல, தாளைக் கீழே வைத்துவிட்டு மனசிலிருந்தே தலைவரைப் புகழ ஆரம்பித்தார். புகழ்ந்தார், புகழ்ந்தார், அப்படிப் புகழ்ந்தார். பிறகு குரல் வாக்கெடுப்பு. ‘ஆம்’ என்று அவையே அதிர்ந்தது. ‘இல்லை’ சொல்ல ஒருவரும் இல்லை. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

இரண்டு நாள் கழித்து அவள் வந்தாள். நான் பொய்யைத் தயாராக வைத்திருந்தேன். அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே, “நேரம் முடிஞ்சிடுச்சும்மா, மணி அடிச்சிட்டாங்க, உன் வீட்டுக்காரர் பேர் கடைசியில இருந்திச்சு” என்றேன். அவள் குனிந்து பிளாஸ்டிக் கவரை மடித்தாள். “பரவால்லக்கா. எல்லாரும் ஆமுன்னு சொன்னாங்க இல்ல, அதுவே போதும்” என்றாள். “அன்னிக்கு கத்திட்டேன், மனசுல வெச்சிக்காத” என்றும் சொன்னாள்.

அதற்குப் பிறகு அவள் கத்தவே இல்லை. வரிசையில் நின்றாள், கூப்பிட்டால் வந்தாள், கொடுத்த கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள். பட்டுத் தெளிந்துவிட்டாள் என்று நினைத்தேன். நானும் கொஞ்சம் கரிசனமாகவே நடந்துகொண்டேன். மாதா கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது ‘கோபப்பட்டேன், பொய் சொன்னேன்’ என்று எப்போதும் சொல்கிற பட்டியலோடு இதையும் சேர்த்து விழுங்கிவிட்டேன். சாமியார் வழக்கம்போல ஜெபம் சொல்லச் சொன்னார். சொன்னேன். கெட்டிக்காரி நான்.

சில மாதம் கழித்து தில்லியிலிருந்து ஒரு கடிதத்தின் நகல் எங்கள் ஆபீசுக்கு வந்தது. ஆங்கிலத்தில் ஒரே பக்கம். சட்டமன்றத் தீர்மானமும், அதன் மீது உங்கள் உறுப்பினர் ஆற்றிய உரையும் பார்க்கப்பட்டன. அந்த உரையில் குறிப்பிடப்பட்டுள்ள நான்கு மீனவர்கள் விஷயமாகத் தூதரகம் அந்நாட்டு அரசிடம் பேசி வருகிறது என்று இருந்தது. கீழே நான்கு பெயர்கள். நான் எழுதிய அதே வரிசையில், தகப்பனார் பெயரோடு.

ஐயோ, அந்தக் காகிதத்தை எத்தனை தடவை படித்திருப்பேன்! போண்டா சாப்பிடப் போனவர்களும் மறந்துவிட்டார்கள், எழுதிக்கொடுத்த நானும் மறந்துவிட்டேன். ஆனால் தில்லியில் என்னை மாதிரி ஒருத்தி, ஏதோ ஒரு மேசையில், அந்த உரையை வாங்கி வைத்துப் படித்து, அதிலிருந்த பெயர்களை ஒழுங்காக எடுத்து எழுதியிருக்கிறாள். அவள் தன் வேலையைச் செய்திருக்கிறாள். அன்றைக்கே ஐந்தாவது பெயருக்குத் தனிக் கடிதம் அடித்து அனுப்பினேன். ‘தனியாகப் பரிசீலிக்கப்படும்’ என்று பதில் வந்தது.

நான்கு பேரும் வந்து சேர்ந்தார்கள். விமான நிலையத்தில் எம்.எல்.ஏ. சால்வை போட்டார், போட்டோ எடுத்தார்கள். அவள் புருஷன் மட்டும் வரவில்லை. வேறு ஜெயில் என்பதால் தாமதம் என்று ஒருவர் சொன்னார். அப்படியும் இருக்கலாம். நான் பெயரை எடுக்காமல் விட்டிருந்தாலும் இதே கதி ஆகியிருக்கலாம். இதை எனக்கு நானே சொல்லிப் பார்க்காத நாள் இல்லை, எடுபடவில்லை.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் காத்திவாக்கத்துக்குப் பஸ் ஏறினேன். அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தாள். “இன்னாக்கா, அவுருக்கு எதாச்சும்...” என்றாள். “அதெல்லாம் இல்ல, உட்காரு” என்றேன். நானும் தரையில் உட்கார்ந்தேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன். “அன்னிக்கு மணி அடிக்கல. நேரமும் முடியல. உன் வீட்டுக்காரர் பேர நான்தான் எடுத்தேன். நீ எல்லார் முன்னாலயும் அப்படிக் கேட்டது பொறுக்கல, அதான் எடுத்தேன்.”

திட்டுவாள், இறாலை மூஞ்சியில் வீசுவாள், குப்பத்தைக் கூட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அதற்காகத்தான் வந்திருந்தேன் என்றும் சொல்லலாம். அவள் கையிலிருந்த இறாலை உரித்து முடித்துக் கிண்ணத்தில் போட்டாள்.

“தெரியும்க்கா” என்றாள்.

அடுத்த இறாலை எடுத்தாள்.

“நாலு பேரு பேர படிச்சிட்டு அவுரு எவ்ளோ நேரம் தலைவர புகழ்ந்துகினு இருந்தாருன்னு இந்தக் குப்பமே குந்திக்கினு பாத்துது. அந்த நேரத்துல எங்க வூட்டுக்காரரு பேர பத்து வாட்டி சொல்லியிருக்கலாம். மணி எங்க அடிச்சாங்க?”

“அப்புறம் ஏன் என்கிட்ட கேக்கல?”

“கேக்கறதா?” முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தாள். “ஒரு வாட்டி வாயத் தொறந்தேன், இன்னா ஆச்சுன்னு பாத்துட்டேன். இன்னொரு வாட்டி தொறந்தா லெட்டரு யாரு எழுதுவா? இங்க்லீசுல எழுதத் தெரிஞ்ச ஆளு எனக்கு வேற யாரு கீது?”

கரிசனமாக நடந்துகொண்டேன் என்று நினைத்திருந்தேனே அத்தனை மாதங்கள், அத்தனை மாதமும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டுதான் என் முன்னால் நின்றிருக்கிறாள். கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டதுகூட எனக்குப் பயந்துதான். அந்த ஆபீசில் என்னைப் பார்த்துப் பயப்படவும் ஆள் இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

“என்னை மன்னிச்சிடும்மா” என்றேன். அழுதேன்.

“அதெல்லாம் இப்ப சொல்ல மாட்டேன். அவுரு வரட்டும். வந்தப்புறம் ஒன் ஆபீசுக்கே வந்து, அத்தினி பேரு முன்னால, கேக்க வேண்டியதெல்லாம் கேக்கறேன். இப்போ ஒன்னாண்ட சண்ட போட எனக்கு வக்கு இல்ல.” கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் அந்தப் பிளாஸ்டிக் கவரை எடுத்து வந்து என் மடியில் வைத்தாள். “இந்த வாரத்து லெட்டர எழுதிட்டியா?”

எழுதவில்லை. அங்கேயே, அவள் பிள்ளையின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதினேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். மறுநாள் தட்டச்சு செய்து, அந்தத் தாளையும் இணைத்து அனுப்பினேன்.

அவர் இன்னும் வரவில்லை. அவள் வாரம் தவறாமல் வந்து வரிசையில் நிற்கிறாள். இதுவரை என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.