கோதுமை மூட்டையும் அம்மாவின் செவ்வாய்க்கிழமையும்

எனக்கு அப்போது எட்டு வயது. அம்மப்பா படுத்த படுக்கையாகிவிட்டார் என்று அம்மா யாழ்ப்பாணம் போயிருந்தார். வியாழக்கிழமை காலை பள்ளிக்கூட விழாவில் நான்தான் பனிமனிதன். செவ்வாய்க்கிழமை விமானம் ஏறி, புதன்கிழமை வந்துவிடுவதாக அம்மா சொல்லியிருந்தார். பிள்ளைகளே, அந்த வாரம் நான் ஓரிடத்தில் இருக்கவில்லை. மொன்றியலில், பார்க் எக்ஸ்டென்ஷனில் இருந்த எங்கள் வீட்டில் யன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தபடியே இருந்தேன்.

பல்கலைக்கழகத்தில் படித்த அக்காவுக்கு ஒரு விசித்திரமான வேலை கொடுத்திருந்தார்கள். உரோமர் காலத்தில் ஒரு கோதுமை மூட்டை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போய்ச்சேர எத்தனை நாள், எவ்வளவு செலவு என்று கணினியில் கணக்குப் பார்ப்பது. கப்பலா, மாட்டுவண்டியா, கழுதையா என்று கேட்கும். மாதத்தையும் கேட்கும்.

“அக்கா, அம்மாவைப் போட்டுப் பார்.”

“இதிலை யாழ்ப்பாணம் இல்லையடா. செங்கடலோடை வரைபடம் முடியுது.”

“அப்ப கிட்டடி ஊரைப் போடு.”

எகிப்திலிருந்து உரோமாபுரிக்குப் போட்டார். எதிர்க்காற்றாம், ஒரு மாதத்துக்கு மேல் காட்டியது. அப்போது நடந்தது தை மாதம். நான் அதையே அமத்தினேன். குளிர்காலத்தில் கப்பல் ஓடாதாம், கடல் மூடியிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

திங்கட்கிழமை அப்பா புவாண்ட்-கிளேரில் இருந்த பண்டகசாலை வேலையால் வந்து, சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் சொன்னார்.

“செவ்வாய்க்கிழமை பயணம் வெளிக்கிடக் கூடாதாம். கொம்மா புதன்தான் ஏறுறாவாம்.”

“வியாழன் காலமை விழா எண்டு சொன்னனீங்களா?”

“சொன்னனான்.”

அக்கா மட்டும் உற்சாகமாகிவிட்டார். “உரோமரும் ஆகாத நாளிலை வெளிக்கிட மாட்டினமாம். என்ரை கணக்கிலை அதை விட்டிட்டன், பார்!” என்று ஒரு நாளைக் கூட்டினார். மூட்டை ஒரு நாள் பிந்தியது.

“அந்த நாளைக் கழிச்சு விடு!”

“அப்ப நீ கழுதையிலை போய்க் கூட்டிக்கொண்டு வா.”

வியாழக்கிழமை மேடையில் கரட் மூக்கோடு வாசலையே பார்த்துக்கொண்டு நின்று, சொல்லவேண்டிய ஒற்றை வரியையும் விட்டுவிட்டேன். பின்னேரம் விமான நிலையத்தில் அம்மா கட்டிப்பிடித்தபோது விறைத்துக்கொண்டு நின்றேன். ஒரு வாரத்துக்குள் அம்மப்பா போய்விட்டார். அதற்குப் பிறகும் எனக்குக் கோபம் செவ்வாய்க்கிழமையோடுதான்.

படுக்கையில் கிடந்த தன் ஐயாவோடு இன்னும் ஒரு நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று, வீட்டில் ஒரு சின்னவன் காத்திருக்கும்போது, தொலைபேசியில் சொல்ல அம்மாவுக்கு வாய் வந்திராது. அது அந்த எட்டு வயதில் எனக்கு விளங்கவில்லை. மொன்றியலிலிருந்து போனபோதும் அம்மா விமானம் ஏறியது ஒரு செவ்வாய்க்கிழமைதான் என்பதும் அப்போது என் நினைவுக்கு வரவில்லை.