மீனுக்குக் கம்மல் போட்டவள்

கோடை வந்தால் சங்கரன்கோவிலைச் சுற்றியுள்ள குளங்களில் பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். தண்ணீரை நாங்கள் குடத்தில் பார்த்தது அதிகம், குளத்தில் பார்த்தது குறைவு. அந்த ஊரில் பிறந்த ஒரு பெண், ஆள் நீளத்துக்கு இருக்கிற கடல் மீன்களைப் பிடித்து, அடையாளம் குத்தி, திரும்பக் கடலிலேயே விடுகிற வேலைக்குப் போனால் ஊர் வாயை மூடிக்கொண்டிருக்குமா? நான் லீவில் வந்து பஸ்ஸை விட்டு இறங்கும்போதே யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "மீனுக்குக் கம்மல் போடுத பிள்ளை வந்துட்டால்லா."

அந்தப் பட்டப்பெயருக்குக் காரணம் அப்பா. அவர் மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டர். எண்பதுகளின் தொடக்கத்தில் பாங்க் லோனில் மாடு கொடுத்தார்கள். லோன் மாடு என்று தெரிவதற்காக அதன் காதில் நம்பர் போட்ட தகடு ஒன்றைக் குத்திவிடுவார்கள். ராயகிரியிலிருந்தும் மேலநீலிதநல்லூரிலிருந்தும் ஓட்டி வரும் மாடுகளுக்கு அப்பா தகடு குத்துவார். மாட்டின் கண்ணைத் துண்டால் பொத்திக்கொண்டு நான் நிற்பேன். கண்ணை மூடிவிட்டால் எந்த முரட்டு மாடும் பாதி அடங்கிவிடும். கல்லூரியில் விலங்கியல் படிக்கும்போதும் லீவு நாட்களில் எனக்கு அதுதான் வேலை. பிறகு தூத்துக்குடியில் மீன் ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் தற்காலிக உதவியாளராகச் சேர்ந்தேன். "அப்பன் மாட்டுக்குக் கம்மல் போடுதான், மகள் மீனுக்குக் கம்மல் போடுதா" என்று ஊர் கணக்கை முடித்துக்கொண்டது.

அவர்களுக்குப் புரியாதது ஒன்றுதான். பிடித்த மீனை எதற்கு விட வேண்டும்? நானும் சலிக்காமல் சொல்வேன். பேனா ரீபிள் மாதிரி ஒரு மெல்லிய குழாய். அதில் நம்பரும் நிலையத்தின் விலாசமும் இருக்கும். நுனியில் சின்னக் கொக்கி. அதை மீனின் முதுகுத் துடுப்புக்குக் கீழே, சதையில் குத்திவிட வேண்டும். அந்த மீன் பிறகு வேறெங்கோ வேறு யாரிடமோ பிடிபட்டால் குழாயை அனுப்பி வைப்பார்கள். எங்கிருந்து எங்கே போயிருக்கிறது, எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று தெரியும். இவ்வளவையும் கேட்டுவிட்டு எங்கள் தெரு மளிகைக் கடைக்காரர் ஒருநாள், "அது சரிதான், ஆனா கொழம்பு வைக்க மாட்டியளோ?" என்றார். அவரோடு நான் அதற்குப் பிறகு விஞ்ஞானம் பேசவில்லை.

ஊராவது பரவாயில்லை. நிலையத்திலேயே எனக்குக் கரை வேலைதான். குழாய்களை வரிசைப்படுத்து, கொக்கியைக் கூராக்கு, மீனைக் கிடத்துகிற சாக்கைத் துவைத்துப் போடு. கடலுக்குப் போவது ஆண்கள். நான் கூராக்கிக் கொடுத்த கொக்கியை எடுத்துப்போய் மீனின் வயிற்றுப் பக்கம் குத்திவிட்டு வருவார்கள். பல மீன்கள் குத்துமுன்பே அடித்துப் புரண்டு செத்துப்போகும். செத்த மீனோடு திரும்பிவந்து, "பெரிய மீன் இல்லையா, அப்படித்தான் இருக்கும்" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் காலையில் ஆள் ஒன்று குறைந்தது. அந்தச் சமயம் பார்த்து நான் சாக்கு மூட்டையோடு நிலையத்தின் மோட்டார் படகான லாஞ்சியில் நின்றுகொண்டிருந்தேன். இறங்கச் சொல்ல யாருக்கும் நேரமில்லை, நானும் இறங்கவில்லை. கரை கண்ணுக்கு மறைந்தபோது கூட வந்த உதவியாளர் வாந்தி எடுக்க ஆரம்பித்தார். அவரைப் பிடித்துக்கொள்ள இரண்டு பேர் வேண்டியிருந்தது. எனக்கும் வயிற்றைப் புரட்டியது. எடுத்தால் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார்களே என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தூண்டிலில் மயில்மீன் ஒன்று விழுந்தது. முதுகில் தோகை, முகத்தில் ஈட்டி போல நீண்ட மூக்கு, உடம்பெல்லாம் நீலம். நீளம் அளக்க வேண்டும் என்பதால் அதை உள்ளே தூக்கி ஈரச் சாக்கின் மேல் போட்டார்கள். அது போட்ட ஆட்டத்தில் ஆளுக்கொரு மூலைக்கு ஓடினார்கள். ஒருவர் அதன் முதுகில் காலை வைத்து மிதிக்கப் போனார். "காலை எடுங்க! கண்ணைப் பொத்துங்க!" என்று கத்தினேன். யாரும் பொத்தவில்லை. நானே தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு, ஈரத் துண்டை எடுத்து அதன் முகத்தில் போட்டு இரண்டு கையாலும் அமுக்கினேன்.

மீன் அடங்கியது. வாலில் மட்டும் ஒரு நடுக்கம் ஓடியது. லாஞ்சி ஓட்டுகிற அண்ணாச்சி வந்து துண்டைப் பிடித்துக்கொண்டார். உதவியாளர் இருந்த இருப்பில் அளவெடுக்க வேறு ஆளில்லை, அதையும் நானே எடுத்தேன். தோகைக்குக் கீழே சரியான இடம் பார்த்துக் குத்தினேன், கொக்கி உள்ளே மாட்டிக்கொண்டது. பிறகு அதைத் தண்ணீரில் இறக்கி, மூக்கைப் பிடித்தபடி லாஞ்சியோடு மெல்ல இழுத்துக்கொண்டு போனோம். செவுளுக்குள் தண்ணீர் ஓடி உயிர் தெளிய வேண்டும். கொஞ்ச தூரம் போனதும் அது ஒரே உதறலில் என் கையை விட்டுப் போய்விட்டது. நான் சத்தம் போட்டுச் சிரித்தேன். அவ்வளவு சந்தோஷம் அதற்கு முன்னால் எனக்கு இருந்ததில்லை.

அடுத்த பயணத்துக்கு நான் சாக்கோடு போய் நின்றபோது நிலையத்தின் அதிகாரி கூப்பிட்டு அனுப்பினார். "அன்னைக்கு ஆள் இல்லாம ஏத்திட்டாங்க. அதுக்காக நீ பாட்டுக்கு வந்து நின்னா எப்படிம்மா? எனக்கும் பெண் பிள்ளைங்க இருக்கு. கடல்ல ஏதாவது ஆச்சுன்னா யார் பொறுப்பு? உங்க அப்பாவைக் கூட்டிட்டு வா. அவர் என் முன்னால சம்மதம் சொல்லட்டும், அப்புறம் பார்ப்போம்."

எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. பள்ளிக்கூடத்தில் சண்டை போட்ட பிள்ளையிடம் சொல்வதுபோல் அப்பாவைக் கூட்டி வா என்கிறார். ஆனாலும் லாஞ்சியில் ஏறியே ஆக வேண்டும் என்ற ஆசையில் தலையை ஆட்டிவிட்டு ஊருக்குப் பஸ் ஏறினேன்.

அப்பாவைச் சம்மதிக்க வைப்பது கஷ்டமில்லை. கஷ்டம் பெரியப்பா. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், எங்கள் சர்ச்சின் சபைக் கமிட்டியில் முக்கியமானவர். அவர் இருக்கும் இடத்தில் அப்பா நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நான் வந்த விஷயம் எனக்கு முன்னால் அவர் வீட்டுக்குப் போய்விட்டது. சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் ஜெபம் வைக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

எங்கள் ஆட்களின் வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நாங்கள் யாரையும் நேரே திட்டுவது கிடையாது. அவருக்காக ஜெபிப்போம். அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, சொல்ல வேண்டியதையெல்லாம் ஆண்டவரிடம் சொல்வோம். ஜெபத்தின் நடுவே யாரும் எதிர்த்துப் பேச முடியாது. அவரவர் முறை வரும்வரை தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பெரியப்பா ஆரம்பித்தார். "அன்பின் பரம பிதாவே, பெண்பிள்ளைகளைக் குடும்பத்துக்கு விளக்காகத் தந்தவரே, இந்த வீட்டிலே ஒரு பிள்ளை அந்நிய ஆண்களோடே கடலிலே போக வாஞ்சித்து நிற்கிறாள். அவள் மனதைத் திருப்பும். அவளுக்கு ஏற்ற ஒரு டீச்சர் வேலையைக் கட்டளையிடும். அவளுடைய தகப்பனுக்கும் புத்தியைத் தாரும்." பெரியம்மா அதையே கொஞ்சம் அழுகையோடு சொன்னார். அம்மா பொதுவாக எல்லோருடைய உடல்நலத்துக்காகவும் ஜெபித்துத் தப்பித்துக்கொண்டாள்.

என் முறை வந்தது. மனதுக்குள் ஜெபித்து ஆமென் சொல்லியிருக்கலாம். மாட்டேன். "பரம பிதாவே" என்று பெரியப்பா குரலைவிட ஒரு படி உயர்த்தியே ஆரம்பித்தேன். "கடலையும் அதிலுள்ள பெரிய மீன்களையும் உண்டாக்கினதற்காக ஸ்தோத்திரம். அவற்றை என் கையாலே தொட வைத்ததற்காக ஸ்தோத்திரம். வாந்தி எடுக்கிறவர்களுக்குத் திறந்திருக்கும் லாஞ்சி எனக்கு மட்டும் அடைத்திருப்பதை நீரே பார்க்கிறீர். டீச்சர் வேலை எனக்கு வேண்டாம், கேட்கிற வேறு யாருக்காவது அதைக் கொடும். என் பெரியப்பாவின் மனக்கண்களைத் திறந்தருளும்." ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். பெரியப்பாவின் இரண்டு கண்ணும் திறந்துதான் இருந்தன.

கடைசியில் அப்பா. அவருடைய ஜெபம் அவர் போடும் ஊசி மாதிரி, தொடங்குவதற்குள் முடிந்துவிடும். அன்றைக்குப் பேச்சுத் தமிழிலேயே சொன்னார். "ஆண்டவரே, திங்கக்கிழமை லீவு சொல்லிட்டேன். பிள்ளைகூட தூத்துக்குடிக்குப் போயி, ஆபீசர்ட்ட சம்மதம்னு சொல்லிட்டு வாரேன். போக வர கூட இரும். ஆமென்." பழக்க தோஷத்தில் எல்லோரும் ஆமென் என்றோம். பெரியப்பாவும் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. காபி குடிக்காமல் எழுந்து போனார்.

திங்கட்கிழமை காலை அப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். அதிகாரிக்குக் கொடுக்கவென்று ஒரு பொட்டலம் காரச்சேவு வாங்கிக்கொண்டார். பஸ் ஸ்டாண்டில் கோவில்பட்டி பஸ்ஸின் கூரைக்கு மல்லிகைப்பூக் கூடைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அங்கே அப்பாவைத் தெரியாதவர்கள் இல்லை. அவர்களுடைய மாட்டையெல்லாம் அவருக்குத் தெரியும்.

"எங்கன கம்பவுண்டரே, சட்டையெல்லாம் பளிச்னு?"

"மகளைக் கடலுக்குப் போக அனுமதி சொல்லணுமாம். அதான் போறேன்."

சிரித்துக்கொண்டே சொன்னார். டீக்கடையில் சொன்னார், டிரைவரிடம் சொன்னார். எனக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு எங்கோ நெருடியது. அவர் பக்கத்தில் வந்து குரலைத் தணித்து, "ஆபீசர்ட்ட என்ன சொல்லணும் மக்கா? 'நான் அனுப்புதேன்'ன்னு சொன்னாப் போதுமா?" என்று கேட்டார்.

அந்த ஒரு சொல்லில் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. இன்று அப்பா அனுப்புகிறேன் என்பார், நான் ஏறுவேன். நாளைக்குப் பெரியப்பா பத்து ஜெபம் வைப்பார், அப்பா அனுப்பவில்லை என்பார், நான் இறங்க வேண்டும். அப்பாவுக்குப் பிறகு வேறு யாரையாவது கூட்டி வா என்பார்கள். என் கால் லாஞ்சியில் இருக்கும், அதன் கயிறு எப்போதும் கரையில் யார் கையிலாவது இருக்கும். வாந்தி எடுத்தாரே, அவருடைய அப்பா எந்த ஊர் என்று கூட நிலையத்தில் யாருக்கும் தெரியாது.

"நீங்க வர வேண்டாம்ப்பா" என்றேன்.

"என்ன சொல்லுத?"

"உங்க சம்மதத்துல ஏறுனா, உங்க சம்மதத்துலதான் நான் இறங்கவும் வேணும். நான் தனியாவே போறேன்."

"ஏட்டி, அண்ணாச்சி முன்னால வச்சுச் சொல்லிட்டேனே. அதுக்கு எவ்வளவு தைரியம் வேணும்னு உனக்குத் தெரியுமா?"

தெரியும். அதுதான் தாங்கவில்லை. எனக்காகத் தன் அண்ணன் முன்னால் ஆயுளில் முதல்முறை வாய் திறந்த மனிதரை, அந்த வெள்ளைச் சட்டையோடு பஸ் ஸ்டாண்டில் நிறுத்திவிட்டுப் போகிறேன். அழுகை வந்தது, அழவில்லை. இன்று நினைத்தாலும் வலிக்கிறது. இன்று கேட்டாலும் அதையேதான் செய்வேன். அப்பா பொட்டலத்தை ஜன்னல் வழியாக என் மடியில் போட்டுவிட்டு, பஸ் கிளம்புமுன்பே திரும்பி நடந்தார்.

அதிகாரி என்னையும் என் பின்னால் வெறும் வாசலையும் பார்த்தார். "அப்பா வரலையா?"

"வாரேன்னுதான் சொன்னாங்க. நான்தான் வேண்டாம்னுட்டேன்."

"என்னம்மா விளையாட்டா?"

"இல்ல சார். போன தடவை வாந்தி எடுத்தவர் யாரையும் கூட்டிட்டு வந்து சம்மதம் சொல்ல வைக்கல. அவரைப் பிடிக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. என்னை யாரும் பிடிக்கல. மீனைத்தான் நான் பிடிச்சேன்."

"ஏதாவது ஆச்சுன்னா யார் பொறுப்பு?"

"நான்."

அவர் சரி என்று சொல்லவில்லை. கூடாது என்றும் சொல்லவில்லை. போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். சொல்லாததை நான் எனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டேன். மறுநாள் விடிந்ததும் லாஞ்சியில் ஏறி சாக்கை நனைத்தேன். லாஞ்சி அண்ணாச்சி என்னைப் பார்த்தார், கரையில் நின்ற அதிகாரியைப் பார்த்தார், எஞ்சினைக் கிளப்பினார். காரச்சேவை நடுக்கடலில் எல்லோரும் பங்கு வைத்துத் தின்றோம். அந்த ஆராய்ச்சி முடியும்வரை நான் குத்தினேன். சுறா, சூரை, மயில்மீன் என்று என் கையில் அடங்கிப் போனவை ஏராளம். சில குழாய்கள் தூர தேசக் கரைகளிலிருந்து திரும்பி வந்தன, பல வரவில்லை.

அதன் பிறகு ஒரு மாதம் நான் ஊருக்குப் போகவில்லை. பயமில்லை, அப்பாவின் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை. போனபோது அவர் வேலைக்குப் போயிருந்தார். அம்மாதான் சொன்னாள். நான் மறுபடி கடலுக்குப் போன செய்தி தெரிந்ததும் பெரியப்பா வீட்டுக்கு வந்திருக்கிறார். இந்தத் தடவை ஜெபமெல்லாம் இல்லை, நேராகவே சத்தம் போட்டிருக்கிறார். "நீ குடுக்குத இடம்லா இது! நீதான அவளை அனுப்பி வச்ச?"

"அதுக்கு அப்பா என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"'நான் அனுப்பல அண்ணாச்சி, அவளாத்தான் போனா'ன்னாவ."

தன் தலை தப்ப என்னைக் கைகழுவிவிட்டாரோ என்று நினைத்தேன்.

"எப்படிம்மா சொன்னாங்க? பயந்துபோயா?"

"பயமா? பெரியப்பா நிக்காவ, உங்கப்பா நாற்காலியில உக்காந்துக்கிட்டே சொன்னாவ."